தாடையில் விழுந்த சிவப்பு

திண்டிவனத்தில் என் வீடு, விழுப்புரத்தில் என் நாத்தனார் வீடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாரப்பத்திரிகை. ஆளுக்கொன்று வாங்கலாமே என்று கேட்டால் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள். ஒரே கதையை ஒரே குடும்பம் எதற்காக இரண்டு தடவை வாங்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். என் கணவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் குமாஸ்தா. நாத்தனாரின் கணவர் பாசஞ்சர் ரயிலில் கார்டு. வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் இதில் மட்டும் கைகோத்துக்கொண்டார்கள்.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். ஆனாலும் நான் அண்ணன் பெண்டாட்டியாக வந்துவிட்டதால் என்னை ‘அண்ணி’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் கூப்பிட வேண்டும். அந்த மூன்று மாதத்தை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. நானும் மறக்க விட்டதில்லை.

மெட்ராஸிலிருந்து வரும் வண்டி எங்கள் ஊரைத் தொட்டுவிட்டுத்தான் விழுப்புரம் போகும். அதனால் பத்திரிகை முதலில் என் கைக்கு வரும். இரண்டு நாளில் படித்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் போய் கார்டு அண்ணன் கையில் கொடுத்துவிடுவேன். வீட்டிலிருந்து ஸ்டேஷன் கூப்பிடு தூரம். மயிலம், விக்கிரவாண்டி என்று நின்று நின்று போகும் வண்டியில் அவரும் படிப்பார். அவருடைய கட்டைவிரல் கரி எந்தப் பக்கம் வரை இருக்கிறதோ அதுவரை படித்திருக்கிறார் என்று அர்த்தம். அவளும் படித்த பிறகு இதழ் என்னிடம் திரும்பி வரும்.

இன்றைக்குப் படக்கதை சேர்க்கிறவர்கள் ஓவியர் தன் கையால் வரைந்த மூலத்தாளைத் தேடி அலைகிறார்கள். கிடைத்தால் கண்ணாடி போட்டு மாட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் சேர்ப்பது என்றால் கிழித்துச் சேர்ப்பதுதான். தொடர் முடிந்ததும் கத்தி முனையால் பத்திரிகையின் பின்னை நிமிர்த்தி, பக்கத்தை நோகாமல் உருவி, வரிசையாக அடுக்கி பைண்டிங்குக்குக் கொடுப்போம். ஒரு வாரம் விட்டுப்போனாலும் அந்தப் புத்தகம் மூளிதான். அச்சான பக்கம்தான் எங்களுக்குப் பொருள். அதை யார் வரைந்தார், வரைந்த தாள் என்ன ஆனது என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. இட்லி சாப்பிடும்போது ஆட்டுக்கல்லை யாராவது நினைக்கிறார்களா?

எங்கள் பாகப்பிரிவினையில் படக்கதை எனக்கு, தொடர்கதை அவளுக்கு. இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. சில வாரம் படக்கதையின் பின்பக்கத்திலேயே தொடர்கதை அச்சாகியிருக்கும். ஒரு தாளை இரண்டு பேர் எப்படி எடுத்துக்கொள்வது? அதற்கு ஒரு சட்டம் போட்டேன். எழுத்தைக் கையால் எழுதிக்கொள்ளலாம், படத்தை அப்படி முடியாது. ஆகவே தாள் எனக்கு. அந்தத் தொடர்கதைப் பக்கத்தை நான் வெள்ளைத்தாளில் எழுதித் தந்துவிட வேண்டும். சட்டம் போட்டவளுக்கே லாபம் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டாள், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதற்காக. அவள் புத்தகங்களில் அங்கங்கே அச்சுக்கு நடுவில் என் கையெழுத்தும் வரும்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“நடுவுல எங்க வேணா எழுதிக் குடுங்க அண்ணி. முடிவு மட்டும் எனக்கு அச்சுல வோணும்.”

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு படக்கதை வந்தது. எதிரி அரண்மனையின் லாயத்தில், குதிரை தேய்க்கும் வேலைக்காரியாக ஒளிந்து வாழும் இளவரசியின் கதை. அவளைத் தேடி ஒரு ஒற்றைக்கண் தளபதி அலைவான். கறுப்பும் சிவப்பும் இரண்டே நிறம். வாரத்துக்கு ஒரு பக்கம். அந்தப் பெண் ஒரு வருஷமாக ஒரு கட்டத்தில்கூடச் சிரிக்கவில்லை. நானும் அப்போது கல்யாணமாகி வந்த புதிது. மாமியார் எதிரில் பல்லைக் காட்டக் கூடாது என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனாலோ என்னவோ, அவள் எப்போது சிரிப்பாள் என்று வாரா வாரம் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பேன்.

தீபாவளிக்குப் புதுத் தொடர்கள் ஆரம்பிக்கும். அதற்கு முந்தின வாரம் பழைய தொடர்களையெல்லாம் முடித்துவிடுவார்கள். அந்த வாரம், கடைசிக் கட்டத்தில், குதிரை மேல் உட்கார்ந்து அவள் சிரித்துவிட்டாள். நன்றாகப் பல் தெரிகிற சிரிப்பு. அச்சுக்கூடத்தில் சிவப்பைக் கொஞ்சம் தள்ளி அடித்திருந்தார்கள். உதட்டுக்கு வர வேண்டிய சிவப்பு தாடையில் விழுந்திருந்தது, வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி. எனக்கு அது குறையாகவே படவில்லை. ஒரு வருஷம் அடக்கி வைத்தவள் சிரித்தால் கொஞ்சம் வழியத்தான் வழியும். ஆசை தீரப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் தொடர்கதையின் கடைசிப் பக்கம். கீழே கொட்டை எழுத்தில் ‘முற்றும்’.

நியாயப்படி பத்திரிகையை முழுசாக விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு அவளோடு பேசித் தீர்த்திருக்க வேண்டும். நான் கத்தியை எடுத்தேன். தாளை உருவிப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பிறகு தொடர்கதை முடிவை எழுத உட்கார்ந்தேன். வீட்டில் தீபாவளிப் பலகார வேலை தலைக்கு மேல் கிடந்தது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. முக்கால் பக்கம் ஒழுங்காக எழுதினேன். மிச்சத்தில் கதாசிரியர் மழை, கிணற்றடி, கதாநாயகி நட்ட வாழைக்கன்று என்று வளர்த்துக்கொண்டே போயிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. ‘இப்படியாக இருவரும் ஒன்று சேர்ந்து சுகமாக வாழ்ந்தார்கள். முற்றும்’ என்று நானே முடித்துவைத்து, தாளைப் பத்திரிகைக்குள் செருகி அனுப்பிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துபோயிற்று. தீபாவளி கழிந்து குழாயடியில் அந்தத் தொடர்கதையைப் பற்றிப் பேச்சு. அந்த வாழைக்கன்றைச் சொல்லி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். என் நாத்தனார், “வாழைக்கன்னா? அது எங்க வந்துச்சு?” என்று கேட்டிருக்கிறாள். குவார்ட்டர்ஸிலேயே பெரிய படிப்பாளி என்று பேரெடுத்தவள் அவள். குடத்தோடு நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் நான் பத்திரிகையை நீட்டியபோது கார்டு அண்ணன் கையை நீட்டவில்லை.

“வேணாம்மா. வாங்கியாராதன்னு சொல்லிட்டா. வூட்ல ஒரே பேஜாரா கீது. அந்த வாழைக்கன்ன என்னாத்துக்கு நீ வுட்ட?”

நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவர் பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே எனக்காகத் தலையையும் ஆட்டிக்கொண்டு போனார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வாழைக்கன்றுக்கா இவ்வளவு? போனால் போகட்டும் என்று முறுக்கிக்கொண்டேன். புதுத் தொடர்கள் ஆரம்பித்தன. படித்துவிட்டு அதைப் பற்றிப் பேச ஆளில்லை. கணவரிடம் சொன்னால் “ம்” என்பார். நாள் முழுக்க மூட்டையோடு மாரடிக்கிறவருக்கு இளவரசி என்ன, குதிரை என்ன! அவளாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, “அந்தத் தடியன் நம்ப வெச்சி கழுத்தறுத்தான் பாத்தீங்களா அண்ணி?” என்று ஆரம்பித்திருப்பாள். ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை அப்படி யாரும் வராமல் கழிந்தது. எனக்கு அவள் வேண்டும் என்று தெரிந்துபோயிற்று. அதே சமயம் பெட்டியில் இருந்த சிரிப்பையும் விட மனசு வரவில்லை.

இரண்டும் வேண்டுமென்றால் அந்த இதழில் இன்னொரு பிரதி வேண்டும். ஏஜெண்டைக் கேட்டேன், விற்காதது எப்போதோ திரும்பிப் போயிருந்தது. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் காகிதக் கட்டுக்குள் தேடினேன். பத்திரிகை ஆபீசுக்கு எழுதினேன், பதில் இல்லை. கடைசியில் துணிந்து, பத்திரிகை விலாசத்தில் அந்த ஓவியருக்கே எழுதினேன். ஒரு தாளால் எங்கள் குடும்பமே இரண்டாகிக் கிடக்கிறது என்று கொஞ்சம் கூட்டியே எழுதினேன்.

மார்கழியில், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துச் சணலால் கட்டி ஒரு தபால் வந்தது. உள்ளே நாலு வரிக் கடிதம். பிரதி கைவசம் இல்லையாம். அச்சுக்குப் பிளாக் எடுக்கப் போய்த் திரும்பி வந்த படம் மேஜைக்கு அடியில் கிடந்ததாம், அதை அனுப்பியிருக்கிறாராம். உபயோகப்படாவிட்டால் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொள்ளலாமாம்.

பிரித்துப் பார்த்தேன். அச்சுப் பக்கத்தைப் போல இரண்டு மடங்கு பெரிய, தடித்த தாள். கறுப்பு மசியில் மட்டும் வரைந்தது. சுற்றிலும் விளிம்பில் நீலப் பென்சிலில் என்னென்னவோ கணக்கும் கிறுக்கலும். எழுத்தெல்லாம் தனித்தனித் துண்டாக ஒட்டியிருந்தது. தளபதியின் கை மேல் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்க, சுண்ணாம்பு பட்டுவிட்டதோ என்று நகத்தால் சுரண்டினேன். அடியில் வேறொரு கை தெரிந்தது! தப்பாகப் போட்ட கையை மறைத்து, மேலே புதுக் கை போட்டிருக்கிறார். பாவம், அவரும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். அதே சிரிப்புதான். ஆனால் சிவப்பு இல்லை. சோகை பிடித்தவள் சிரிப்பது மாதிரி இருந்தது. நோட்டுக்கு அட்டை போடத்தான் லாயக்கு என்று எனக்கும் தோன்றியது.

ஆனாலும் என் சிக்கலுக்கு அதுதான் வழி. அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அவளுக்கு அதனால் பிரயோசனம் இல்லை. ஆகவே சிவப்புச் சிரிப்பு இருக்கும் அசல் பக்கம் அவளுக்குப் போக வேண்டும், இந்தச் சோகைச் சிரிப்பு எனக்கு. அன்றைக்கு நான் அசல் என்று சொன்னது அச்சுப் பக்கத்தைத்தான். இரண்டு நாள் பட்டுப்புடவையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் விழுப்புரத்துக்கு வண்டி ஏறினேன்.

கதவைத் திறந்தவள், “வாங்க” என்றாள். ‘அண்ணி’ இல்லை. நான் அச்சுத் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். வாழைக்கன்று வருகிற இடத்தில் அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். முடிவு வரை படித்துவிட்டு, தாளைத் திருப்பி, தாடையில் சிவப்போடு சிரிக்கிற இளவரசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்த எங்கிட்ட குடுத்துட்டு நீங்க என்னா பண்ணுவீங்க?”

பெரிய தாளைப் பிரித்துக் காட்டினேன்.

“இன்னாது அண்ணி இது? செவப்பே இல்ல?”

“இல்லாட்டி என்னா? கதை புரியுதுல்ல” என்றேன் வீறாப்பாக. கண் மட்டும் அவள் கையிலிருந்த சிவப்பை விட்டு வரவில்லை. அவள் பார்க்காத மாதிரி காபி போட உள்ளே போனாள். அண்ணி என்று சொல்லிவிட்டாளே, அது போதும் என்று எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

கோர்ட்டுக் கட்டுகளைத் தைக்கிற நல்ல பைண்டர் விழுப்புரத்தில்தான் இருந்தார். என் படக்கதைப் பக்கங்களையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். “வெச்சிட்டுப் போங்க, நானே குடுத்து வாங்கி அனுப்பறேன்” என்றாள். பைண்டருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: கடைசித் தாளை இரண்டாக மடித்து வைக்கவும், விளிம்பில் உள்ள கிறுக்கலைக் கட்டிங் மிஷினில் வெட்டிவிடவும். புத்தகம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?

பொங்கல் போய், தை போய், மாசியும் வந்துவிட்டது. பைண்டருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கார்டு அண்ணன் வண்டியிலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். நீலக் காலிகோ துணி ஒட்டிய அட்டை, புதுப் பசை வாசனை. பிளாட்பாரத்திலேயே கடைசித் தாளை விரித்தேன்.

சிவப்பு! குதிரைச் சேணத்தில், தளபதியின் தலைப்பாகையில், கொடியில், எல்லா இடத்திலும் சிவப்பு. அச்சில் வானம் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்குப் பொடிப் புள்ளிகளாக வைத்திருப்பார்கள். இதிலும் வானம் முழுக்கப் புள்ளிதான், ஒவ்வொன்றும் கையால் வைத்தது. கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். உதட்டை விட்டுவிட்டு, சரியாகத் தாடையில், அதே அளவு தள்ளி, சிவப்பு.

“ரெண்டு வாரமா வூட்ல சரியா சோறு இல்லம்மா” என்றார் அண்ணன். “என் செவப்பு மசி பாட்டில காலி பண்ணிட்டா. ஈர்க்குச்சில பஞ்ச சுத்திக்கினு, அந்தப் பக்கத்தப் பாக்கறதும் இந்தப் பக்கத்துல புள்ளி வெக்கறதும். கேட்டா, அண்ணிக்கி செவப்பு இல்லாத குடுக்கறதான்றா. ஜல்தியா பாத்துட்டு சொல்லு, அவளுக்கு என்னான்னு சொல்றது?”

பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன். பாவி, அச்சுக்காரன் செய்த தப்பையும் விடாமல் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாளே! அண்ணன் விசிலை ஊதிவிட்டு வண்டியில் ஏறினார். அவளிடம் போய் என்ன சொன்னார் என்று தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் புதுச் சட்டம். தொடர் முடிகிற வாரம் மட்டும் இரண்டு பிரதி. ஆண்கள் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம், “தாடையில உதடு வெச்சவளே” என்று கேலி பண்ணுவேன். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வரைந்தாய் என்பேன். அவள் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாள். அறுபதுகளில் முழுக்கதையும் ஒரே புத்தகமாக அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். கிழிக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். என் பெண்கள் அவற்றை அடுக்கி வைத்து, தோழிகளோடு மாற்றிக்கொண்டார்கள். ஒரு வாரம் காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவர்களுடைய சண்டைகள் அவர்களுக்கு இருந்தன.

போன வருஷம் பேரன் அந்தக் கடைசித் தாளைப் படமெடுத்து போனில் எங்கோ போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், தன்மையான மனிதர். மூலச் சித்திரங்களைச் சேர்க்கிறவராம். கையில் வெள்ளைத் துணியுறை மாட்டிக்கொண்டுதான் புத்தகத்தைத் தொட்டார். முன்னால் இருந்த ஐம்பது பக்கத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கடைசித் தாளை விரித்தார். அந்தப் பெண் ஏன் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

“விளிம்பை யாரும்மா வெட்டினது?”

“நான்தான் வெட்டச் சொன்னேன்.”

“இந்தச் சிவப்பு?”

“என் நாத்தனார்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஓவியர் வரைந்த தாள் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லையாம், இது ஒன்றுதான் தங்கியிருக்கிறதாம். மடிப்பை நீக்கிவிடலாமாம். மருந்து போட்டு அந்தச் சிவப்பையும் எடுத்துவிடுகிற ஆள் தனக்குத் தெரியுமாம். படம் பழையபடி ஆகிவிடும், உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறேன், செலவு என்னுடையது என்றார். அவர் வேதனை உண்மையான வேதனை. எனக்கே ஒரு நிமிஷம், பாவி, என்ன காரியம் செய்துவைத்தோம் என்று இருந்தது. அந்தச் சிவப்பைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவள் நான் இல்லை. விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். அவளுக்கு இப்போது காது மந்தம். நான் கத்தினேன்.

“நீ அடிச்ச செவப்பால படமே பாழாம். எடுத்துடலாமான்னு கேக்கறாரு. அதுவும் தாடையில போய் அடிச்சி வெச்சிருக்காங்களேன்றாரு.”

கடைசி வரியை நான்தான் சேர்த்தேன், பழக்கதோஷம். அவள் சொன்னாள்:

“உதட்டுல வரணும்னு எனக்குத் தெரியாதா அண்ணி? நீங்க எனக்குக் குடுத்துட்டுப் போனது தாடையில வழிஞ்ச பக்கம். அத்தத்தான திருப்பிக் குடுக்கணும்?”

எதிரில் இருந்தவர், “என்னம்மா சொல்றாங்க?” என்று கேட்டார். அறுபது வருஷமாக அவளைக் கேலி செய்தவள் நான். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, புத்தகத்தை மூடி, என் மடியில் வைத்துக்கொண்டேன்.